பச்சைச் சட்டையில் ஒரு சான் புருனோக்காரன்

மெல்பாவின் வாய்க்குப் பயந்து கோயோல் அணியில் மூன்று பேர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆடினார்கள் என்று சான் புருனோவில் ஒரு பேச்சு உண்டு. மூன்று என்பது கொஞ்சம் கூடுதல். ஒருவன் வைத்திருந்தது உண்மை. அவனுக்குக் காதுவலி என்று பிறகு தெரியவந்தது. அதையெல்லாம் ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவள் சந்தையில் பாலாடைக்கட்டி விற்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் பேஸ்பால் மைதானத்தில், பந்தை அடிக்கிறவன் நிற்கும் ஹோம் தட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்திருக்கும் எதிரணியைக் கழுவிக் கழுவி ஊற்றுவாள். பக்கத்தில் அவள் தம்பி ஃபனோர் பெரிய மத்தளத்தைத் தட்டுவான். வலைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பவன் அவள் கணவன் அசாரியாஸ். சான் புருனோவின் கேட்சர், வீசும் பந்தைத் தட்டுக்குப் பின்னாலிருந்து பிடிக்கிறவன். பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில் குந்துகிறான். மற்ற நாட்களில் கொத்தனார். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் மெல்பாவுக்குச் சொந்தம். அவனுக்குத் தலையாட்டல் போதும்.

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் சான் புருனோ ஒரு தடவைகூட இறுதிச் சுற்றுக்குப் போனதில்லை. இந்த வருஷம் போயே தீருவோம் என்று ஊரே நம்பியது. அரையிறுதியில் எதிரே நின்றது வேறு யாருமில்லை, பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயோல். இரண்டு ஊருக்கும் எந்தத் தலைமுறையில் பகை மூண்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அது குறையவும் இல்லை. முதல் நான்கு ஆட்டங்களில் ஆளுக்கு இரண்டு ஜெயித்து, ஐந்தாவது ஆட்டம் பன்னிரண்டாம் இன்னிங்ஸ் வரை இழுத்து, கடைசியில் ஒரே ஒரு ரன்னில் கோயோல் ஜெயித்துவிட்டது. அன்றைக்கு சான் புருனோவில் பாதி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது திங்கட்கிழமை. லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த அணி, தான் தோற்கடித்த அணியிலிருந்து இரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குப் போகலாம். போக மாட்டேன் என்று சொல்லும் ஆட்டக்காரன் அடுத்த வருஷம் முழுவதும் வெளியே உட்கார வேண்டும். கோயோலின் கேட்சருக்கு அந்தக் கடைசி ஆட்டத்தில் கட்டைவிரல் முறிந்திருந்தது. மத்தியானம் வானொலியில் பெயர் வாசித்தார்கள். முதல் பெயரே அசாரியாஸ் மைரேனா.

மெல்பா அப்போது ஒரு பெரிய பாலாடைக்கட்டியைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை அப்படியே விட்டுவிட்டு, கடையைப் பக்கத்துக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சுவருக்கு நடந்தாள். அவன் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா கிழவா?"

"கேட்டேன்."

"என்ன பண்ணப் போற?"

"நீ சொல்லு."

"நான் என்னத்தச் சொல்றது? குந்தப் போறது நீ."

அசாரியாஸ் கரண்டியைத் துடைத்தான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. "மாட்டேன்னா ஒரு வருஷம் உக்காரணும், அவ்வளவுதானே. உக்காந்துட்டுப் போறேன். கோயோலோட அந்தப் பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டு உன் மூஞ்சில என்னால முழிக்க முடியாது, மெல்பா."

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இடது முழங்கால் காலையில் எழுந்திருக்கும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம் போடும். ஒரு வருஷம் உட்கார்ந்தால் பிறகு அவன் எழுந்து குந்தப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவன் சொல்லவில்லை, அவளுக்காக விழுங்கினான். இந்த மனுஷன்மேல் மெல்பாவுக்கு இருந்த ஆசை பத்தொன்பது வருஷத்தில் ஒரு துளி குறையவில்லை. ஆனால் கோயோல்மேல் இருந்த வெறுப்பும் குறையவில்லையே. இரண்டும் நெஞ்சுக்குள் மல்லுக்கட்டின. அவள் சாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"போ," என்றாள். "போய், பந்தப் பிடிக்கறது எப்படின்னு அந்தப் பயலுகளுக்குக் காட்டிட்டு வா. ஆனா ஒண்ணு. நான் அங்க வந்து கை தட்டுவேன்னு மட்டும் நினைக்காத."

அவன் தலையாட்டினான்.

ஊர் தலையாட்டவில்லை. அவளிடம் கட்டி வாங்கும் பெண்கள் திடீரென்று எதிர்க் கடையில் வாங்கினார்கள். ஃபனோர் இறைச்சிக் கடைக்காரன். எலும்பை வெட்டும் வேகத்தில்தான் எதையும் பேசுவான்.

"நீயா அக்கா அனுப்புன? உன் வாயாலயா போன்னு சொன்ன?"

"என் வாயாலதான்டா. வேற யார் வாய இரவல் வாங்கறது?"

"பச்சைச் சட்ட ஒட்டிக்கிட்டா கழறாது, பாத்துக்க. இன்னைக்கு இறுதிச் சுத்துக்குன்னு கூப்புடுவான். நாளைக்கு அங்கயே இரு மச்சான்னுவான். கோயோல்ல மைதானத்துக்குக் கூரை இருக்கு, குளிக்கறதுக்குத் தண்ணி இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? வெயில்தான் இருக்கு."

"உன் மச்சான் கூரைக்கு மயங்குற ஆளாடா? கூரை போடுற ஆளு அவன்."

சொல்லிவிட்டாளே தவிர, ஃபனோர் சொன்னது முள்ளாகத் தைத்தது. அசாரியாஸிடம் கேட்டுத் தெளிந்துகொண்டிருக்கலாம். ஊரையே கேள்வி கேட்கும் மெல்பா அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

இறுதிச் சுற்றில் கோயோலுக்கு எதிரணி ரியோ மான்ஸோ. இதுவும் ஐந்து ஆட்டம்தான், மூன்று ஜெயித்தவனுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தை மெல்பா வீட்டில் வானொலியில் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்டாள். வர்ணனை ரொசெந்தோ என்கிற கோயோல்காரன். அவனுக்குக் குரல் வெண்கலம், மனசு அவ்வளவு உசத்தி இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் அசாரியாஸ் குந்திய நிலையிலிருந்தே பந்தை இரண்டாம் தளத்துக்கு எறிந்து, திருட்டுத்தனமாக ஓடி வந்தவனை அவுட் ஆக்கினான்.

"நம்ம கேட்சர்! என்ன கை, என்ன கை! கோயோலின் கை!" என்று ரொசெந்தோ கூவினான்.

மெல்பா மேஜையை ஒரு தட்டு தட்டினாள். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையில் குத்தி அவனைத் தாண்டிப் போயிற்று.

"சான் புருனோ இரவல் ஆள் கோட்டை விட்டார்," என்றான் அதே ரொசெந்தோ, மூக்கால்.

இப்படியே நான்கு ஆட்டம். பிடித்தால் நம்ம கேட்சர், விட்டால் சான் புருனோ இரவல். அசாரியாஸ் என்ற பெயர் நான்கு ஆட்டத்திலும் அந்த வாயிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை. நான்காவது ஆட்டத்தின் முடிவில் இரண்டுக்கு இரண்டு. மெல்பா வானொலியைக் குமிழ் கழன்றுவிடும்படி திருகி அணைத்தாள்.

"பால் கறக்கும்போது மாடு அவனுங்களுது, உதைக்கும்போது மாடு நம்மளுதாம்," என்றாள், ஃபனோரின் இறைச்சிக் கடைக்கே போய். "ஞாயித்துக்கிழமை நான் போறேன்டா."

"எங்க?"

"கோயோலுக்கு."

ஃபனோர் கத்தியைக் கீழே வைத்தான். "கை தட்ட மாட்டேன்னு சொன்ன?"

"கை தட்டப் போகல. அவன் யாரு ஆளுன்னு அங்க ஒருத்தராவது நின்னு காட்டணும். நம்ம ஊர் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பேருந்தில் அவள் ஏறி உட்கார்ந்த பிறகு ஃபனோரும் ஏறினான். அவனும் சிவப்புச் சட்டை. முகத்தை உர்ரென்று வைத்திருந்தான்.

"அவனுங்களுக்காக ஒண்ணும் வரல. உன்னைத் தனியா விட்டா மென்னு தின்னுடுவானுங்க."

"என்னையா? பல்லு போயிடும்டா அவனுங்களுக்கு."

கோயோல் மைதான வாசலில் சீட்டு கிழிக்கிறவன் அவளைப் பார்த்ததும் பின்னால் திரும்பிக் கத்தினான். "டேய், சான் புருனோ வாய் வந்திருக்குடா! எல்லாரும் காதப் பொத்திக்குங்க!"

"ஏன் தம்பி, போன மாசம் திட்டினது இன்னும் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே மெல்பா உள்ளே போனாள்.

மூவாயிரம் பச்சைச் சட்டைகளுக்கு நடுவே இரண்டு சிவப்பு. ஹோம் தட்டுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் அவர்களாகவே இடம் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரோ ஆரஞ்சுத் தோலை விட்டெறிந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் அடுத்த தோல் வரவில்லை. அசாரியாஸ் முகமூடியைத் தூக்கி வலைப் பக்கம் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகமூடியை இறக்கிக்கொண்டான். பச்சை அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அது மெல்பாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். கோயோலை வாழ்த்த நாக்கு வராது, திட்டினால் புருஷனையும் சேர்த்துத் திட்டினதாகும். எட்டு இன்னிங்ஸ் அவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சரித்திரத்தில் முதல் முறை. ஃபனோர் இரண்டு தடவை அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தான்.

கடைசி இன்னிங்ஸ். கோயோல் மூன்று, ரியோ மான்ஸோ இரண்டு. ரியோ மான்ஸோவில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை. ஆனால் இரண்டாம் தளத்தில் ஓடக் காத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அவன் ஓடி ஹோம் தட்டுக்கு வந்து சேர்ந்தால் சமன். பந்து வீசுகிறவன் செலே. எட்டு வருஷமாகக் கோயோலின் முதல் வீச்சாளன், வெளுத்த நிறம், ஒட்டடைக் குச்சி உடம்பு. மெல்பா தன் சிறந்த வசவுகளையெல்லாம் எட்டு வருஷமாக இவனுக்காகத்தான் சேமித்து வைத்துச் செலவழித்தாள்.

செலே வீசிய முதல் பந்து வெளியே போயிற்று. இரண்டாவதும் வெளியே. மைதானத்தில் மூவாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. அந்த நிசப்தம் அவன் தோள்மேல் சிமெண்ட் மூட்டையாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பந்து தரையில் குத்திற்று, அசாரியாஸ் உடம்பால் மறித்தான். நாலாவதும் தப்பினால் அடிக்கிறவன் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போய்விடுவான். அவனுக்கு அடுத்தபடி மட்டையோடு காத்திருந்தவன் லீக்கிலேயே பெரிய அடி அடிக்கிறவன்.

செலே மூன்று பந்து வெளியே போட்டுவிட்டால் சான் புருனோவில் ஒன்று நடக்கும். எட்டு வருஷப் பழக்கம். அதற்கு மெல்பா யோசிக்க வேண்டியதில்லை. வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்துகொண்டது.

"செலே! உங்கம்மா கூப்புடுறா! அடுப்புல பீன்ஸ் தீயுதாம்! பந்தப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுடா!"

அந்த அமைதியில் அது மைதானத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மூவாயிரம் தலையும் திரும்பின. மெல்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபனோர் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்தான். தன் புருஷனுக்குப் பந்து வீசுகிறவனையே, கோப்பை ஆட்டத்தின் கடைசி அவுட்டில், திட்டியாயிற்று. இந்தப் பாவத்துக்கு எந்தப் பாதிரியாரிடம் போவது?

"யாருடி அவ? வெளிய தள்ளுங்க!" என்று மேலே ஒருவன் எழுந்தான்.

ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் அசாரியாஸின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவன் அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு, குலுங்கிக்கொண்டே செலேயிடம் நடந்தான். செலே முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தான். அழுகிறானோ என்று மெல்பா பயந்தாள். அவன் நிமிர்ந்தபோது பார்த்தால், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வலைப் பக்கம் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, பெரிய மனுஷிகளைக் கூப்பிடும் மரியாதையோடு கூவினான்.

"டோன்யா மெல்பா! வாய் தச்சுட்டாங்களோன்னு பயந்தே போயிட்டேன்!"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் மூவாயிரம் பேரும் விட்டார்கள். செலே கையை உதறினான். அடுத்த பந்து நடுவில் விழுந்தது. ஸ்ட்ரைக். அதற்கடுத்ததும் ஸ்ட்ரைக். மூன்றாவதும் விழுந்தால் அடிக்கிறவன் அவுட்.

அடித்தவன் நன்றாகத்தான் அடித்தான். பந்து வலது பக்கமாகத் தரையைத் தொட்டு ஓடியது. இரண்டாம் தளத்தில் நின்றவன் எப்போதோ கிளம்பிவிட்டான். மூன்றாம் தளத்தை மிதித்துத் திரும்பி ஹோம் தட்டை நோக்கி எருமைக்கடா மாதிரி வந்தான். வலது பக்கக் காவல்காரன் பந்தை எடுத்து எறிந்தான். எறி நேராக வரவில்லை. ஒரு குத்துக் குத்தி, தட்டுக்கு இரண்டடி விலகி வந்தது. அசாரியாஸ் விலகிப் போய்ப் பிடித்தான். பிடித்துத் திரும்பினால் ஓட்டக்காரன் சறுக்கிக்கொண்டு காலை நீட்டிவிட்டான். நடந்து போய்த் தொட நேரமில்லை. அசாரியாஸ் இடது முழங்காலில் ஊன்றி, முழு உடம்பையும் அவன்மேல் எறிந்தான்.

புழுதி. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "கிழவா!" என்று மெல்பா அலறினாள். அம்பயர் குனிந்து பந்தைத் தேடினார். புழுதிக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. கையுறைக்குள் பந்து இருந்தது.

"அவுட்!"

அதற்குப் பிறகு நடந்தது மெல்பாவுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஃபனோர் யாரோ முன்பின் தெரியாத பச்சைச் சட்டைக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஞாபகம் வந்து அவனைத் தள்ளிவிட்டான். ஆரஞ்சுத் தோல் எறிந்த பக்கத்திலிருந்து ஒரு கிழவர் வந்து அவளுக்கு ஒரு குவளை பினோல் என்கிற சோளமாவுப் பானம் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே குடித்தாள். அசாரியாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அவன் அங்கே உட்காரத் தெரியாமல் யாருடைய தலைமுடியையோ பிடித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷம் குந்தியே இருந்த மனுஷன் இவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

கோப்பை கொடுக்கும்போது ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஒலிபெருக்கி முன்னால் வந்து தன் பெயரையும் ஊரையும் சொல்வது லீக்கில் வழக்கம். சொல்லும் ஊருக்காகத்தான் அவன் அடுத்த வருஷம் ஆடுவான் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். செலே வந்தான், "கோயோல்" என்றான். முதல் தளக்காரன் வந்தான், "கோயோல்" என்றான். ஒவ்வொரு தடவையும் கூரை அதிர்ந்தது. மெல்பா கேட்காமல் விட்ட கேள்விக்கு இப்போது மூவாயிரம் பேர் முன்னால் பதில் வரப்போகிறது. ஃபனோர் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி ரொசெந்தோ கையில் இருந்தது. வெண்கலத்தை முழுவதும் எடுத்துவிட்டான். "இதோ வருகிறார், நம்ம கேட்சர்! நம்முடைய சொந்தக் கேட்சர்! இனி என்றைக்கும் கோயோலின் கேட்சர்!"

கூரை அதிர்ந்தது. அசாரியாஸ் நொண்டிக்கொண்டே வந்தான். புழுதியில் சட்டை பச்சையா பழுப்பா என்று தெரியவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, கரண்டியைத் துடைப்பதுபோல அதை ஒரு தரம் சட்டையில் துடைத்தான். கூச்சம். எல்லாரும் அடங்கும் வரை காத்திருந்தான்.

"அசாரியாஸ் மைரேனா," என்றான். "சான் புருனோ."

இந்தத் தடவை கூரை அதிரவில்லை. ரொசெந்தோ ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். அசாரியாஸ் கொடுக்கவில்லை. தான் சொன்னது கேட்டிருக்காது என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு முறை சொன்னான். "சான் புருனோங்க."

செலேதான் முதலில் கத்தினான். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "சான் புருனோ!" என்றான். பினோல் கொடுத்த கிழவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். இந்தக் கூரைக்கு அடியில் அந்தப் பெயரை வசவாக அல்லாமல் யாரும் சொல்லி மெல்பா கேட்டதில்லை. இப்போது மூவாயிரம் பச்சைச் சட்டைகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஃபனோர் பக்கத்தில் மத்தளம் இல்லாமல் தன் தொடையையே தட்டிக்கொண்டிருந்தான்.

மெல்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"என்னங்கடா முனகுறீங்க!" என்று கத்தினாள். "காதுலயே விழல! இன்னும் சத்தமாச் சொல்லுங்க!"